எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நோயாளிக்குத் தோல் சுடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

எம்.ஆர்.ஐ. அறையில் இரும்பைக் கண்டால் எல்லோரும் பதறுவோம். ஆனால் தோலைச் சுடுவது காந்தம் அல்ல, படத்துக்காக அனுப்பும் ரேடியோ அலை. டெஸ்லா என்பது காந்தத்தின் வலுவைச் சொல்லும் அலகு; அந்த அலை 1.5 டெஸ்லா கருவியில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. அந்த அலைக்குள் மின்சாரம் கடத்தும் எது வளையமாகக் கிடந்தாலும் அதில் மின்னோட்டம் பாயும். தொடுமிடம் சிறுத்துத் தடை கூடும் இடத்தில் சுடும். ஈசிஜி வயர் மட்டுமல்ல, நோயாளி கோத்துக்கொண்ட கைகளும் அப்படியொரு வளையம்தான். அதனால் கவனம் முதலில் வேண்டியது கன்சோலில் அல்ல, டேபிளில் படுக்க வைக்கும்போது.

சொந்தத் துணியோடு யாரையும் ஏற்றாதீர்கள். ஸ்கேன் சென்டர் கவுன் மட்டும். ஊக்கும் ஜிப்பும் கண்ணுக்குத் தெரியும். சரிகையும், வியர்வை நாற்றம் வராது என்று விற்கும் பனியனில் நெய்த வெள்ளி இழையும் அப்படித் தெரியாது. லேபிளிலும் இருக்கும் என்று நம்ப முடியாது.

நகையில்தான் வாக்குவாதம் வரும். “தங்கம் காந்தத்தில் ஒட்டாதே” என்பார்கள். ஒட்டாது, ஆனால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தாலிச் சங்கிலிக்குப் பதில் வெறும் மஞ்சள் கயிறு தயாராக இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். இறுகிய மெட்டிக்குச் சோப்புத் தண்ணீர். குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டதோடு விடாமல் இடுப்பைத் தொட்டுப் பாருங்கள். இடுப்பைச் சுற்றிய முழு வளையம் அது. மயக்க மருந்தில் இருக்கும் குழந்தை சுடுகிறது என்று சொல்லாது.

தோலில் ஒட்டியிருக்கும் மருந்துப் பட்டைகளையும் தேடுங்கள். நிக்கோட்டின், நைட்ரோகிளிசரின் போன்ற சில பட்டைகளின் பின்புறத்தில் அலுமினியம் இருக்கும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2009-இலேயே எச்சரித்தது. எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுங்கள், முடிந்ததும் புதிது ஒட்டச் சொல்லுங்கள். மூக்கில் கம்பி வைத்த முகக்கவசமும் வேண்டாம். 3 டெஸ்லாவில் கழுத்து ஸ்கேனின்போது ஒருவருக்கு முகம் சுட்டதையடுத்து 2020 டிசம்பரில் அதற்கும் எச்சரிக்கை வந்தது.

இனி படுக்க வைப்பது. தோல் தோலைத் தொடக் கூடாது. தொடையும் தொடையும், கெண்டைக்காலும் கெண்டைக்காலும், குதிகாலும் குதிகாலும், கைப் பெருவிரலும் தொடைப்பக்கமும் படுமிடங்கள் எல்லாவற்றிலும் கருவியோடு வந்த பேட் வையுங்கள். கையைக் கோக்கவோ காலைப் பின்னவோ விடாதீர்கள். உடம்பு பருத்தவரின் முழங்கை கருவிச் சுரங்கத்தின் உட்சுவரில் உரசும். ரேடியோ அலையை அனுப்பும் பாடி காயில் என்ற கம்பிச்சுருள் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. அங்கே குறைந்தது 1 செ.மீ. இடைவெளி வேண்டும், உங்கள் கருவியின் கையேடு கூடுதலாகச் சொன்னால் அவ்வளவு. மடித்த போர்வை பேட் ஆகாது: நசுங்கும், வியர்வையில் நனைந்தால் கடத்தவும் செய்யும். உள்ளே விசிறி ஓடட்டும். காய்ச்சல்காரரைப் போர்த்தி மூடாதீர்கள்.

உடம்பின்மேல் வைத்துப் படத்துக்கான சிக்னலை வாங்கும் காயில்களில், பயன்படுத்தாததை டேபிளில் விடாமல் வெளியே எடுங்கள். கேபிள் நடுவாக, நேராகப் போகட்டும்; சுருட்டுவதும் குறுக்கே போடுவதும் கூடாது. தோலுக்கும் கேபிளுக்கும் நடுவே பேட். வார்டில் ஒட்டிய ஈசிஜி எலெக்ட்ரோடுகளை எல்லாம் பிய்த்துவிட்டு, எம்.ஆர்.ஐ.க்கு என்றே வருவதை ஒட்டுங்கள். காலாவதி தேதி பாருங்கள். ஜெல் காய்ந்தால் தடை ஏறும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிஜன் புரோபையும் கழற்றி, ஃபைபர் ஆப்டிக் வகையை மாட்டுங்கள்.

எடையை உத்தேசமாகப் போடுவது கெட்ட பழக்கம். எஸ்.ஏ.ஆர். என்பது உடம்பு ஒரு கிலோவுக்கு உறிஞ்சும் ரேடியோ அலைத் திறன். முழு உடம்புக்கு அதன் வரம்பு, கருவியின் வழக்கமான நிலையான நார்மல் மோடில், கிலோவுக்கு 2 வாட். 50 கிலோ ஆளுக்கு 70 என்று தட்டினால் கருவி 140 வாட் வரை அனுமதிக்கும். உண்மையில் அவர் வாங்குவது கிலோவுக்கு 2.8. வரம்பு இடித்தால் உடனே கூடுதல் வரம்புள்ள அடுத்த மோடுக்குத் தாவாதீர்கள். டி.ஆர். எனும் பல்ஸ் திரும்ப வரும் இடைவெளியைக் கூட்டலாம், ஸ்லைஸ் குறைக்கலாம், டர்போ எனும் வேகமான ஸ்கேன் வரிசையில் சிக்னலை மீண்டும் குவிக்கும் ரீஃபோகசிங் பல்ஸின் கோணத்தை 180 டிகிரியிலிருந்து 130 ஆக்கலாம்; அந்தப் பல்ஸின் ஆற்றல் ஏறக்குறையப் பாதியாகும். ஆனாலும் எஸ்.ஏ.ஆர். என்பது சராசரிக் கணக்கு. எண் குறைவாக இருக்கும்போதே ஒரு வளையம் சுட்டுவிடும்.

உடம்பு லேசாக வெதுவெதுப்பாகலாம் என்று முன்பே சொல்லுங்கள். ஒரே இடத்தில் சுருக்கென்றாலோ சுட்டாலோ, கையில் கொடுக்கும் அழைப்புப் பந்தை அமுக்க வேண்டும். ஒருமுறை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். பந்து அடித்தால் “இன்னும் ரெண்டு நிமிஷம்தான்” என்ற பேச்சே வேண்டாம். நிறுத்தி, டேபிளை வெளியே இழுத்து, அந்த இடத்தைப் பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர், தண்டுவடம் பாதித்தவர், சர்க்கரையால் கால் மரத்தவர் ஆகியோருக்கு நார்மல் மோடு மட்டும். நடுநடுவே போய்ப் பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ், பற்பசை கூடாது. மேலே பொட்டளவு தெரிந்தாலும் உள்ளே ஆழமாகச் சுட்டிருக்கலாம், சில மணி நேரம் கழித்தும் கொப்புளம் கிளம்பலாம். மருத்துவரிடம் காட்டி, மறுநாள் விசாரியுங்கள். கை எங்கே இருந்தது, கேபிள் எப்படிப் போனது, எந்த வரிசை ஓடியது என்பதை அப்போதே எழுதிவையுங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2015 முதல் நடத்தும் மெட்டீரியோவிஜிலன்ஸ் எனும் மருத்துவக் கருவிப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அதைப் புகாராக அனுப்பலாம். சர்வீஸ் இன்ஜினியர் சோதிக்கும்வரை அந்தக் காயிலை அடுத்த நோயாளிக்கு மாட்டாதீர்கள்.