பூட்டு, கைப்பிடிக்கு எந்தப் பளபளப்பு எடுப்பது?

கடை வெளிச்சத்தில் எல்லாக் கைப்பிடியும் தங்கம் மாதிரித்தான் மின்னும், அங்கே நின்று முடிவெடுக்காதீர்கள். எந்தக் கதவு, அதில் எந்தத் தண்ணீர் படும், யார் துடைக்கப்போகிறார்கள் என்று வீட்டிலேயே யோசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கள் தருமபுரி பக்கம் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்தாலும் பாத்ரூமுக்குப் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். கண்ணாடி போல மின்னும் குரோம் கைப்பிடியில் அந்த உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும், துடைத்தே கை அலுத்துவிடும். அங்கே மேட் ஸ்டீல் போதும், விரல் ரேகையும் அவ்வளவாகத் தெரியாது.

தலைவாசலுக்குப் பித்தளை ஆசையா? ஒரு காந்தம் கொண்டு போங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்! ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை ஆகிவிடாது, ஜிங்க் வார்ப்பிலும் ஒட்டாது. திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், முலாம் ஏறாத மூலையில் மஞ்சள் தெரிகிறதா, சாம்பல் நிறமா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். அப்புறம், லேக்கர் (கறுக்காமல் காக்கும் நிறமில்லாத வார்னிஷ்) பூசியதா என்று கேளுங்கள். பூசியது சில வருஷம் மின்னும், ஆனால் அதில் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது, பூச்சு உரிய ஆரம்பித்தால் திட்டுத் திட்டாகக் கறுத்து அசிங்கமாகிவிடும். பூசாதது சீக்கிரம் கறுக்கும், ஆனால் பண்டிகைக்குக் குத்துவிளக்கு தேய்க்கும்போது அதையும் சேர்த்துத் தேய்த்துவிடலாம். எனக்குப் பிடித்தது இதுதான். தேய்க்க ஆள் இல்லை என்றால் பிவிடி பூச்சு (வெற்றிடத்தில் வைத்து ஏற்றும் மெல்லிய, கெட்டியான பூச்சு) போட்டது வாங்குங்கள், விலை கூடுதல், ஆனால் லேசில் கீறல் விழாது.

ஸ்டீலில் 304 ரகம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். 202இல் நிக்கல் குறைவு, சீக்கிரம் துருப்பிடிக்கும். புதிதாக இருக்கும்போது கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், காந்தமும் இங்கே உதவாது.

எங்கள் வீட்டில் கைப்பிடி எல்லாம் மாட்டிய பிறகுதான் டைல்ஸில் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். ஒரு சொட்டுகூட மேலே படவில்லை, மூடிய அறையில் நின்ற ஆவிதான், இரண்டு நாளில் புது ஸ்டீல் முழுக்கப் பழுப்புப் புள்ளி. அதனால் கழுவி, ஜன்னலைத் திறந்து போட்டு ஆறவிட்ட பிறகே மாட்டச் சொல்லுங்கள். கீல், தாழ்ப்பாள், பூட்டு மூன்றையும் ஒரே கம்பெனியில் எடுங்கள். ஒரு கம்பெனி ‘ஆன்டிக்’ (பழைய பித்தளை மாதிரி மங்கிய நிறம்) என்பது இன்னொரு கம்பெனியில் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும்.