பாரம் இழுக்க பெட்ரோல் பிக்கப்பா, டீசல் பிக்கப்பா? முதன்முறை வாங்குவோருக்கான வழிமுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் சொந்தத் தொழில் தொடங்கும் பலருக்கு முதல் பெரிய செலவு வண்டிதான். திருமணக் கூடாரமும் நாற்காலிகளும் வாடகைக்கு விடுபவர், கோயில் திருவிழாவுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோகிறவர், ஐந்து ஏக்கர் செம்பனைக் குலையைத் தானே ஆலையில் சேர்க்க நினைப்பவர், இரவுச் சந்தைக்குக் கடைவண்டி இழுக்கிறவர் என எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: பெட்ரோலா, டீசலா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்பதால்தான் பலர் பொருந்தாத வண்டிக்குப் பணத்தைக் கட்டுகிறார்கள். எஞ்சின் வகை கடைசியில் தானாகத் தெரிய வேண்டிய விடை. அதற்கு முன் இழுக்கப்போகும் எடை, ஏறப்போகும் மேடு, மாதத்தில் ஓடப்போகும் தூரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

முதல் படி: எடையை அளவெடுங்கள்

"ஒரு டன் இருக்கும்" என்ற கண்மதிப்பை நம்ப வேண்டாம். சுற்றுவட்டாரச் செம்பனை ஆலைகளில் எடைமேடை இருக்கிறது. அனுமதி கேட்டு, பாரம் ஏற்றிய டிரெய்லரை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பழைய இரும்பு வாங்கும் கடைகளிலும் இது நடக்கும்.

டிரெய்லர் இன்னும் வாங்கவில்லை என்றால் கணக்குப் போடலாம். மலேசியாவில் ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்குச் சராசரியாக 16, 17 டன் குலை தருகிறது. ஐந்து ஏக்கர் என்பது இரண்டு ஹெக்டர். ஆக மாதத்துக்கு 2.8 டன் அளவில் வரும். மாதம் இரண்டு சுற்று அறுத்தால் ஒரு சுற்றுக்கு 1.4 டன். மரத்தில் காய்ப்பு உச்சத்தில் இருக்கும் மாதங்களில் இது கூடும். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குறையும் என்பதால், பாதியை நாளைக்குக் கொண்டுபோகலாம் என்று வைத்துக்கொள்ளவும் முடியாது. டிரெய்லரின் சொந்த எடை 400 கிலோ என்று வைத்தால், நீங்கள் இழுப்பது 1.8 டன்.

இதில் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இழுவைக் கொக்கியின் மீது கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். மிகுந்தால் பிக்கப்பின் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டீரிங் பிடி தளரும். 1.8 டன்னுக்கு அது 180 கிலோ. இந்த 180 கிலோவும் உங்கள் பிக்கப் சுமக்கக்கூடிய எடைக்குள் அடங்கும். முன்னால் மூவர், பின்தொட்டியில் புல்வெட்டும் இயந்திரங்கள், உரமூட்டைகள் என்றால் கணக்கு விரைவில் நிறைந்துவிடும்.

கையேட்டில் மூன்று எண்களைத் தேடுங்கள்: பிரேக் இல்லாத டிரெய்லருக்கான வரம்பு, பிரேக் உள்ள டிரெய்லருக்கான வரம்பு, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை வரம்பு. ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர் போன்ற டீசல் நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்குப் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ, இல்லாவிட்டால் 750 கிலோ என்று குறித்திருப்பார்கள். இங்கே விற்கப்படும் அதே பெயருள்ள வண்டிக்கு அதே எண் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு.

இரண்டாம் படி: முறுக்குவிசையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விற்பனையாளர் குதிரைத்திறனைச் சொல்வார். பாரம் இழுப்பவர் கேட்க வேண்டியது முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சுழற்றும் பலம் (டார்க்) எவ்வளவு, அது எஞ்சினின் எத்தனை சுற்றில் கிடைக்கிறது என்பதையே.

ஹைலக்ஸையே எடுத்துக்கொள்வோம். வேறு சில நாடுகளில் விற்கப்படும் 2.7 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 166 குதிரைத்திறன், 2.4 லிட்டர் டீசலுக்கு 150. தாளில் பெட்ரோல் முந்துகிறது. முறுக்குவிசையைப் பாருங்கள்: பெட்ரோல் 245 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,000 சுற்றில் தருகிறது; தானியங்கி கியர் கொண்ட டீசல் 400 நியூட்டன் மீட்டரை 1,600 சுற்றிலேயே தந்துவிடுகிறது. 1.8 டன் பின்னால் இருக்கும்போது மேட்டில் பெட்ரோல் எஞ்சின் அலறிக்கொண்டு ஏறும், டீசல் முணுமுணுத்துக்கொண்டு ஏறும். இரண்டும் ஏறிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நாள்தோறும் அலற வைப்பதா என்பதுதான் கேள்வி.

காரணம் எஞ்சினின் அமைப்பில் இருக்கிறது. டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய பதினாறு பங்கு இறுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது, தீப்பொறி தேவையில்லை. டர்போ கூடுதல் காற்றைத் திணிப்பதால் குறைந்த சுற்றிலேயே பலம் வந்துவிடுகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தாலும் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் அதிகம்.

மலேசியச் சந்தையில் புதிய பிக்கப் என்றால் ஏறக்குறைய எல்லாமே டீசல்தான். ரேஞ்சர் ராப்டரின் 3.0 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின் விதிவிலக்கு, ஆனால் அதன் விலை சிறுதொழில் செய்பவருக்கு எட்டாதது. எனவே நம் ஊரில் பெட்ரோல் என்றால் பழைய வேனட் லாரி, 1.5 லிட்டர் கிரான் மேக்ஸ், அல்லது வீட்டில் ஏற்கெனவே நிற்கும் இன்னோவா. வேனட்டும் கிரான் மேக்ஸும் முதுகில் சுமக்கப் பிறந்தவை. 134 நியூட்டன் மீட்டர் கொண்ட கிரான் மேக்ஸுக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவதைவிட, அதன் தொட்டியில் அளவாக ஏற்றி இருமுறை போய்வருவது நல்லது.

மூன்றாம் படி: உங்கள் வழியின் மேட்டைக் கணக்கில் எடுங்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ போய்வருபவருக்கு மேடு பெரிய சிக்கல் இல்லை. எல்பில் போன்ற தோட்டங்களுக்குள் போகும் செம்மண் பாதை வேறு கதை. அங்கே எஞ்சினைவிட டயரின் பிடி முக்கியம். மழைக்குப் பின் வழுக்கும் ஏற்றத்தில் 400 நியூட்டன் மீட்டர் இருந்தாலும் பின்சக்கரம் மட்டும் சுழலும் வண்டி நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். தோட்டத்துக்குள் டிரெய்லர் இழுப்பவர் நான்கு சக்கர இயக்கமும் தாழ் கியரும் உள்ள வண்டியைத்தான் பார்க்க வேண்டும். அந்த வகை நம் சந்தையில் பெரும்பாலும் டீசல் என்பதால், இவருக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

காய்கறி ஏற்ற சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போகிறவர் உயரத்தையும் எண்ண வேண்டும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு பலத்தை இழக்கும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஏழில் ஒரு பங்கு பலம் மேலே போகும்போது இருக்காது. டர்போ டீசல் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

நான்காம் படி: இறக்கத்தைப் பற்றி யோசியுங்கள்

எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். உயிர் போவது இறக்கத்தில். பிக்கப்பின் பிரேக் பிக்கப்பை நிறுத்தச் செய்யப்பட்டது. பின்னால் தள்ளும் 1.8 டன்னையும் சேர்த்து அது ஒன்றே தாங்கினால், கேமரன் மலையின் நீண்ட வளைவுகளில் பிரேக் சூடேறிப் பிடியிழக்கும். மிதி காலுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது.

எஞ்சின் பிரேக், அதாவது ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை மெதுவாக்குவது, டீசலில் வலுவானது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்றுவழி மூடி, எஞ்சின் வெற்றிடத்தை எதிர்த்துச் சுழல்கிறது, வேகம் குறைகிறது. சாதாரண டீசலில் அந்த மூடியின் வேலை அப்படி இல்லை. அமெரிக்கப் பெரிய டீசல் வண்டிகள் இறக்கத்தில் அடக்கமாக இறங்குவதற்குக் காரணம், அவற்றில் புகைவழியை இறுக்கும் தனி பிரேக் இருக்கிறது. நம் ஊர் பிக்கப்புகளில் பொதுவாக அது இல்லை. எனவே இணையக் காணொளியில் பார்த்த அமெரிக்க வண்டியின் நடத்தையை ஹைலக்ஸிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். 750 கிலோவுக்கு மேல் இழுக்கப் போகிறீர்கள் என்றால் தனிப் பிரேக் உள்ள டிரெய்லர் வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து, ஆறவிட்டு இறங்குங்கள்.

ஐந்தாம் படி: எரிபொருள் செலவை இன்றைய விலையில் கணக்கிடுங்கள்

"டீசல் மலிவு" என்பது தீபகற்பத்தில் பழைய பேச்சு. 2024 ஜூன் 10 அன்று லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டாக இருந்த டீசல் 3.35 ஆனது, சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலை தொடர்ந்தது. பெட்ரோல் பக்கம், 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி95 என்ற அரசுச் சலுகைத் திட்டத்தில், ஓட்டுநர் உரிமம் உள்ள குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்கு ரான்95 பெட்ரோல் கிடைத்தது.

ஒரு மாதிரிக் கணக்கு. மாதம் 1,000 கிலோமீட்டர் பாரத்தோடு ஓடுகிறீர்கள். டீசல் 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டரும் பெட்ரோல் 19 லிட்டரும் குடிப்பதாக வைப்போம். டீசல் 3 ரிங்கிட் என்றால் 390 ரிங்கிட். பெட்ரோல் 1.99 என்றால் 378. சமம் என்றே சொல்லலாம். அதே பெட்ரோலைச் சலுகை இல்லாமல் 2.60க்குப் போட்டால் 494. விலை மாறிக்கொண்டே இருப்பதால், இந்த வார விலையையும் இப்போதுள்ள லிட்டர் வரம்பையும் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கும் தனியார் டீசல் வண்டி உரிமையாளர்களுக்கும் 2024இல் மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. செம்பனை போடுகிறவர்கள் வண்டி வாங்கும் முன் இதற்குத் தகுதி இருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். அப்படி ஒரு தொகை கணக்கையே புரட்டிவிடும்.

ஆறாம் படி: தினமும் எப்படி ஓட்டுவீர்கள் என்று பாருங்கள்

வாரத்தில் ஒருநாள் பாரம், மற்ற நாள்களில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுச் சந்தைக்குப் போய்வருவது என்றால், புதிய டீசல் வேண்டாம் என்பேன். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டிகள் அந்தக் கரியை எரிக்க நெடுஞ்சாலையில் சூடாக ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவு கண்ணீர் வரவைக்கும்.

டீசலைத் தேர்ந்தால் எரிபொருள் வடிகட்டியில் தேங்கும் நீரை வடிப்பதைப் பழகிக்கொள்ளுங்கள். நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசல் கலந்திருக்கிறது. நாம் அறுத்த குலையே நம் எரிபொருள் தொட்டிக்குத் திரும்பி வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது ஈரத்தை ஈர்க்கும், பழைய தொட்டியின் படிவுகளையும் கரைத்துக் கிளப்பும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது கேடு.

இதுவரை எழுதியதை வைத்து என் பரிந்துரை: பிரேக் இல்லாத 750 கிலோவுக்குள், சமதரையில், மாதத்தில் சில நாள்கள் மட்டும் என்றால் கையேடு அனுமதிக்கும் பெட்ரோல் வண்டியே போதும். ஒரு டன்னைத் தாண்டினால், செம்மண் பாதை என்றால், அல்லது வாரம் முழுதும் இழுவை என்றால் டீசல்.

ஏழாம் படி: பழைய வண்டியைச் சோதித்து வாங்குங்கள்

எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த டீசல் எஞ்சின் தயங்காமல் பற்ற வேண்டும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள், புகை வேகமாக அடித்தால் உள்ளே தேய்மானம். எண்ணெய் கறுத்திருப்பது டீசலில் இயல்பு. அதற்காகப் பயப்பட வேண்டாம். 2015க்கு முந்தைய 2.5 லிட்டர் ஹைலக்ஸ் என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். இழுவைக் கொக்கி ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அது பற்றவைத்த இடத்தில் விரிசலும் துருவும் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.

டிரெய்லரையும் கொக்கியையும் சாலையில் பயன்படுத்த என்ன பதிவும் அனுமதியும் வேண்டும் என்பதை ஜே.பி.ஜே. எனும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். காப்பீட்டு முகவரிடம் டிரெய்லர் இழுக்கப் போவதைச் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கடைசியாக, முன்பணம் கொடுக்குமுன் வண்டியைப் பாரத்தோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். டிரெய்லர் இல்லாவிட்டால் பின்தொட்டியில் உரமூட்டைகளை ஏற்றி ஒரு நல்ல ஏற்றத்தில் ஓட்டுங்கள். வெப்பமானியின் முள் நகர்கிறதா, தானியங்கி கியர் மாறும்போது உதறுகிறதா என்று கவனியுங்கள். ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு டர்போவை ஆறவிடுங்கள். பிறகு இறங்கி, குனிந்து, கியர்பெட்டியின் அடியில் புதிய எண்ணெய்த் துளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், விலை பேசும் முன் உங்களுக்குத் தெரிந்த பட்டறைக்காரரை அழைத்துவந்து காட்டுங்கள்.