‘ஒண்ணுமில்ல, சரியாயிடும்’: புது நர்ஸுகள் தவிர்க்க வேண்டியவை

புது பேட்ச் நர்ஸுகள் வார்டுக்கு வந்து சேரும் சமயத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது. நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில், நான் டியூட்டிக்குச் சேர்ந்த புதிதில் செய்த கோளாறுகளையே அச்சு அசலாகச் செய்கிறார்கள். செல்போனைப் பார்த்துக்கொண்டே பேசுவது, பெயர் கேட்காமல் ‘ஏழாம் பெட்’ என்று கூப்பிடுவது தப்பு என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோயாளியை விட்டுக் கூட இருப்பவரிடம் கேட்பது

மகன் நன்றாகத்தான் பதில் சொல்வார். ஆனால் ராத்திரி பூரா அவர் வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

‘ஒண்ணுமில்ல, சரியாயிடும்’

பரிவாகத்தான் சொல்கிறோம். அதோடு நோயாளி வாயை மூடிக்கொள்கிறார்.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், வாந்தி பேதியோடு வந்த பாட்டிக்கு டிரிப்பில் பொட்டாசியம் குளோரைடு (கேசிஎல்) போய்க்கொண்டிருந்தது. ‘கை எரியுது சிஸ்டர்’ என்றார். ‘அந்த மருந்து எரியத்தான் செய்யும், ஒண்ணுமில்ல பாட்டி’ என்று போர்வையை இழுத்துவிட்டுப் போனாள் புது நர்ஸ். அந்த மருந்து எரியும் என்பது நிஜம்தான்; அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாட்டி இன்னொரு தடவை சொன்னார், அதே பதில். பிறகு சொல்லவே இல்லை. அடுத்த டியூட்டிக்கு வந்தவர் போர்வையை விலக்கினால், கை முழங்கை வரை வீங்கித் தோல் பளபளக்கிறது. டிரிப் ஏற்றக் கையில் குத்திவைத்த வென்ஃப்ளான் ஊசிக்குழாய் ரத்தக்குழாயை விட்டு விலகி, மருந்து சதைக்குள் இறங்கியிருக்கிறது. பேதி சில நாளில் நின்றுவிட்டது. கைப்புண்ணுக்கு மாதக்கணக்கில் டிரஸ்ஸிங்.

எரிகிறது என்றால் போர்வையை விலக்குங்கள். இரண்டு கையையும் சேர்த்துவைத்துத் தொட்டுப் பாருங்கள். ஊசி இருக்கும் கை சில்லென்று, இறுக்கமாக இருந்தால் டிரிப்பை நிறுத்தி டாக்டருக்குச் சொல்லுங்கள். அடைப்பா பார்க்கிறேன் என்று சலைன் தள்ளாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் மருந்தைச் சிரிஞ்சால் இழுத்த பிறகே வென்ஃப்ளானை உருவ வேண்டும். இழுத்தால் ரத்தம் வருகிறதே என்று நம்பிவிடவும் வேண்டாம், கசியும்போதும் வரும்.

எல்லோரும் அந்தப் பெண்ணைத் திட்டினார்கள். எனக்கு இன்றுவரை ஆத்திரம் அவள் மேல் இல்லை. முதல் தடவையே வார்டுப் பொறுப்பிலிருந்த சீனியர் நர்ஸான இன்சார்ஜிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். ‘கேசிஎல் போனா எரியும், போய் வேலையைப் பாரு’ என்று பதில் வந்திருக்கிறது. அதைத்தான் அவள் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைவர் என்பவர் முதலில் சேவகராக இருக்க வேண்டும் என்ற ‘சர்வன்ட் லீடர்ஷிப்’ பேச்சை 1970-ல் கிளப்பிய ராபர்ட் கிரீன்லீஃப், இயல்பிலேயே சேவகராக இருப்பவர்தான் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் காது கொடுப்பார் என்றார். பயிற்சி வகுப்பில் இதற்குக் கைதட்டும் இன்சார்ஜ்கள், ஜூனியர் வந்து நின்றால் நாற்காலியை விட்டு எழுந்து பெட் வரைக்கும் போகட்டும். அது போதும்.

பாதியில் வெட்டுவது

நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர்கள் குறுக்கிட்டார்கள் என்று 1984-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. டாக்டர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

ஓவர் கொடுக்கும்போது (டியூட்டி மாறுகையில் அடுத்த நர்ஸிடம் ஒப்படைக்கும்போது) நம் வார்த்தையைப் போடுவது

‘நெஞ்சுல ஏதோ அமுக்குது’ என்றவர், ஓவரில் ‘கேஸ் ட்ரபிள்’ ஆகிவிடுகிறார். சுகர்காரர்களுக்கு ஹார்ட் அட்டாக் பெரிய வலி இல்லாமலும் வரும். அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள்.

வலிக்கு மார்க் கேட்பது

பத்துக்கு எத்தனை என்றால் பல பாட்டிகள் விழிப்பார்கள். ‘ராத்திரி தூங்கினீங்களா, திரும்பிப் படுக்க முடிஞ்சுதா’ என்று கேளுங்கள்.