புயல் விலகிப் போன பிறகும் கடல் அடங்குவதில்லை: கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை, வட அரைக்கோளக் கடற்கரைகளில் அடிக்கடி நடப்பது இது. ஆழ்கடலில் உருவான புயல் ஒன்று கரையைத் தொடாமலே பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடந்து போகிறது. மறுநாள் மேகம் கலைந்து வெயில் அடிக்கிறது. "ஆபத்து போய்விட்டது" என்று ஜனங்கள் கடற்கரைக்குக் கிளம்புகிறார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்: வானத்தைப் பார்த்துவிட்டுக் கடலை எடைபோடுவது.

2009 ஆகஸ்ட் 23 அன்று பில் என்ற புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தொடாமல் கடல் வழியாகவே வடக்கே போய்க்கொண்டிருந்தது. மெய்ன் மாநிலத்தின் அகாடியா தேசியப் பூங்காவில், தண்டர் ஹோல் என்ற பாறைக் கரையில் அலைகளைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது. பெரிய அலை ஒன்று பாறைமேல் நின்றவர்கள் மீது மோதியது. மூன்று பேரைக் கடல் இழுத்துக்கொண்டது. அவர்களில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைக் காப்பாற்ற முடியவில்லை. அங்கே கூடியவர்கள் நீந்தப் போனவர்கள் அல்ல. வேடிக்கை பார்க்கப் போனவர்கள்.

அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது

கடல் முன்னறிவிப்பில் எல்லோர் கண்ணும் உயரத்துக்குத்தான் போகிறது. "ஒன்றரை மீட்டர்தானே, பரவாயில்லை." பக்கத்திலேயே நொடிக் கணக்கில் இன்னொரு எண் இருக்கும். ஓர் அலை வந்து அடுத்த அலை வருவதற்கான இடைவெளி அது. புயலுக்குப் பிறகு உயரத்தைவிட முக்கியமான எண் அதுதான் என்பேன்.

உள்ளூர்க் காற்று கிளப்பும் அலைகளுக்கு இடைவெளி 5, 6 நொடிதான். தூரத்துப் புயலில் பிறந்து வரும் அலைகளுக்கு 12 முதல் 16 நொடி வரை இருக்கும். ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில், 15 நொடி அலை சுமந்துவரும் ஆற்றல் 6 நொடி அலையுடையதைப்போல இரண்டரை மடங்கு. ஆழ்கடலில் அதன் நீளம் ஏறக்குறைய 350 மீட்டர். நீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததுமே, அதாவது 175 மீட்டர் ஆழத்திலேயே, அது கடலடித் தரையை உணரத் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து கரை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. வெளியே மிதவைக் கருவி 1 மீட்டர் என்று அளந்த அலை, கரையில் உடையும்போது ஒன்றரை மடங்குக்கும் மேல் எழலாம். 6 நொடி அலை அந்த அளவுக்கு எழாது.

தூரம் பாதுகாப்பு என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த தவறு. 15 நொடி அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 42 கிலோமீட்டர் வேகத்தில், நாளொன்றுக்கு 1,000 கிலோமீட்டர் பயணிக்கும். 10 நொடி அலைகளுக்கு அதே தூரத்துக்கு ஒன்றரை நாள் வேண்டும். அதனால்தான் நீண்ட அலைகள் புயலுக்கு முன்பே கரைக்கு வந்துவிடுகின்றன. மற்றவை புயல் எங்கோ போய்க் கலைந்த பிறகும் வந்துகொண்டே இருக்கின்றன. இன்று உங்கள் காலடியில் உடைவது நேற்றோ முந்தாநாளோ கிளம்பிய அலை. கடலியல் அறிஞர் வால்டர் மங்க் 1963-ல் தன் குழுவோடு பசிபிக் பெருங்கடல் நெடுக அளவுக் கருவிகளை வைத்து, தென் அரைக்கோளக் கடல் புயல்களில் பிறந்த அலைகள் அலாஸ்கா வரை போய்ச் சேர்வதைக் காட்டினார். அதற்கு முன்னால் சில நூறு கிலோமீட்டர் எம்மாத்திரம்?

இன்னொன்று. முன்னறிவிப்பில் வரும் உயரம் உச்சபட்சம் இல்லை. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்து அதன் சராசரியைத்தான் சொல்கிறார்கள். 2 மீட்டர் என்று போட்டிருந்தால், நடுவே அபூர்வமாக 4 மீட்டரை எட்டும் அலையும் வரலாம் என்றுதான் படிக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

நீண்ட அலைகள் கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலைகள், பிறகு கால் மணி நேரம்கூட நீளும் அமைதி, மறுபடியும் ஒரு கூட்டம். அந்த அமைதியில் வந்து சேருபவர் பாறையில் இறங்கி உட்கார்ந்து போனை எடுக்கிறார். அடுத்த கூட்டம் வருவது அவருக்குத் தெரியாது.

பாறைக்கோ அலைத்தடுப்புச் சுவருக்கோ போவதற்கு முன் பாதுகாப்பான தூரத்தில் நின்று 20 நிமிடமாவது கடலைப் பாருங்கள். பாறை எதுவரை ஈரமாக இருக்கிறதோ அதுவரை அலை வந்திருக்கிறது. காய்ந்த இடம் பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது; கடல் மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் கோடு மேலே நகரும். படம் எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பது வேண்டவே வேண்டாம். குழந்தைகள் இருந்தால் பாறைப் பக்கமே போகாமல் இருப்பதுதான் சரி.

அமைதியான இடத்தைத் தேடி இறங்குவது

இது மிகக் கொடுமையான ஏமாற்று. கரை நெடுக அலைகள் வெள்ளையாக உடைகின்றன. நடுவில் ஓரிடத்தில் மட்டும் நுரையில்லாமல், சற்றுக் கருமையாக, சாந்தமாக இருக்கிறது. பிள்ளைகளோடு வந்தவர்கள் இயல்பாகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அலைகள் கரையில் குவித்த தண்ணீர் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. ஆழம் அதிகம் என்பதால்தான் அங்கே அலை உடையவில்லை. இந்த இழுவை நீரோட்டத்தின் வேகம் சில நேரம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். கைதேர்ந்த நீச்சல் வீரரும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது.

பழகிய கடற்கரை என்ற தைரியமும் இங்கே உதவாது. புயல் அலைகள் மணல்திட்டுகளை அரித்து, புதிய இடங்களில் வாய்க்கால் வெட்டியிருக்கும். போன வாரம் இடுப்பளவு தண்ணீரில் நின்ற இடம் இன்று ஆளை மூழ்கடிக்கலாம்.

மாட்டிக்கொண்டால் செய்யும் தவறு, கரையை நோக்கி முழு பலத்தோடு நீந்துவது. நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகிறது. உயிரை எடுப்பது பெரும்பாலும் களைப்பும் பதற்றமும்தான். மிதந்தபடி மூச்சைச் சீராக்குங்கள், கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டதும் சாய்வாகக் கரைக்குத் திரும்புங்கள். கரையிலிருந்து பார்ப்பவர் யோசிக்காமல் குதித்தால் ஓர் உயிருக்கு இரண்டு உயிர் போகலாம். உயிர்காப்பாளரை அழையுங்கள். மிதக்கும் பொருள் எதுவானாலும் வீசுங்கள். காலியான மூடிய கேன்கூடப் போதும்.

காற்று கரையிலிருந்து வீசும் நாள்

கிழக்கு நோக்கிய கரையைப் புயல் கடந்து வடக்கே போனதும், அதன் மேற்குப் பக்கத்தில் காற்று பெரும்பாலும் வடமேற்காகத் திரும்பும். நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் அந்தக் காற்று கரையோரத் தண்ணீரை வழவழப்பாக்கிவிடும். காற்று மிதவையும் துடுப்புப் பலகையும் கயாக்கும் இறக்க அருமையான நாள் என்று தோன்றும். வெளியே போகப் போகத்தான் காற்று பிடிக்கும், திரும்பும் வழி முழுக்க அதை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டியிருக்கும். காற்றடைத்த மிதவைகளை இந்த நாட்களில் தண்ணீரிலேயே இறக்கக் கூடாது.

செப்டம்பர் கடல் கோடை வெப்பத்தை இன்னும் சேமித்து வைத்திருக்கும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் புயல் கடலைக் கலக்கி ஆழத்துக் குளிர்நீரை மேலே கொண்டுவந்துவிடும். வெப்பநிலை சில டிகிரி சட்டென்று இறங்கலாம். 15 டிகிரி செல்சியசுக்குக் கீழான தண்ணீரில் திடீரென விழுந்தால் மூச்சு தானாகவே இரைக்கும், தண்ணீர் உள்ளே போகும். எனவே அன்றைய நீர் வெப்பநிலையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள், படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். இதற்கு நேர்மாறாக, வெதுவெதுப்பான கடல்மேல் குளிர்காற்று பரவினால் திடீர் மழைச் சூறையும், கடலுக்கும் மேகத்துக்கும் நடுவே தூண்போல் எழும் நீர்த்தாரைச் சுழலும் உருவாகலாம்.

படகோட்டிகளுக்குக் கழிமுகம்தான் சோதனை. கடல் மட்டம் ஏறும்போது சாதுவாக இருந்த கழிமுக வாய், நீர் வற்றும்போது முகம் மாறிவிடும். வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் நீண்ட அலையும் மோதி, அலைகள் செங்குத்தாகி உடைகின்றன. மழைவெள்ளமும் சேர்ந்தால் இன்னும் மோசம். கிளம்பும் நேரத்தை மட்டும் திட்டமிட்டால் போதாது. திரும்பி வாயில் நுழையும் நேரத்தில் நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். மணல் நகர்ந்திருக்கும், அடையாள மிதவைகள் இடம் மாறியிருக்கும், மரத்துண்டுகள் நீர்மட்டத்தோடு மிதக்கும். பழைய வரைபடத்தை நம்பி வேகமாக ஓட்டாதீர்கள்.

ஆற்று வெள்ளம் கலந்து தண்ணீர் பழுப்பாக இருந்தால் இரண்டு மூன்று நாளாவது குளிக்க வேண்டாம். சாக்கடைக் கிருமிகள் அதில் இருக்கும்.

சரி, எப்போது இறங்கலாம்? அருகிலுள்ள மிதவைக் கருவியின் அளவுகளைக் காலையும் மாலையும் பாருங்கள். உயரம் குறைந்தாலும் இடைவெளி 12 நொடிக்கு மேலேயே நின்றால் காத்திருங்கள். அது படிப்படியாக 8, 7 என்று இறங்கினால் புயலின் அலைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன. அப்புறமும் புதிதாக வெட்டப்பட்ட வாய்க்கால்கள் பல நாள் அப்படியே இருக்கும் என்பதால், நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் ஒருமுறை போய்க் கரையின் புது அமைப்பைப் பார்த்து வையுங்கள். நீந்துவதை உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.