கைட்சர்ஃபிங்குக்கு நேரம் விடும் வேலை: தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய பட்டம் (கைட்) காற்றில் இழுக்க, பலகையில் நின்று கடல்மேல் சறுக்கும் விளையாட்டுதான் கைட்சர்ஃபிங். அதைப் பழகியவர்கள் புது வேலை பார்க்கும்போது முதலில் கேட்பது, "வருஷத்துக்கு எத்தனை நாள் லீவு?" என்றுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. முப்பது நாள் லீவு தரும் நிறுவனம் அதை அக்டோபர், நவம்பரில்தான் எடுக்க விடும் என்றால், ராமேஸ்வரத்துக்குப் போய் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கேட்க வேண்டியது வேறு: இந்த வேலையில் எந்த மாதங்களில் கை ஓயும், அந்த மாதங்களில் காற்று அடிக்குமா?

ராமேஸ்வரம், தனுஷ்கோடி, அக்கரையில் இலங்கையின் மன்னார், கற்பிட்டி என்று இந்த வட்டாரம் முழுவதற்கும் காற்றுக்காலம் இரண்டு. தென்மேற்குக் காற்று மே பிற்பாதியில் பிடித்து செப்டம்பர் வரை நிற்கும். நல்ல நாளில் வேகம் 18 முதல் 25 நாட் (knot; ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்). வாடைக்காற்று டிசம்பர் பிற்பாதியில் தொடங்கி மார்ச் முற்பாதி வரை. அது சற்று மென்மை, பெரும்பாலும் 14 முதல் 20 நாட். இடைப்பட்ட ஏப்ரலில் காற்று செத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் சின்னமுமாக இருக்கும். அடிக்கும் காற்றும் நிலையாக அடிக்காது.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், தோற்றத்தில் தோதாகத் தெரியும் சில வேலைகள் தோதானவை அல்ல. ஆசிரியர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை நீளமானதுதான், ஆனால் அது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருகிறது. தென்மேற்கு நன்றாகப் பிடிக்கும் ஜூனில் பள்ளி திறந்துவிடும். ஆசிரியருக்கு உண்மையில் கிடைப்பது அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும்தான். இரண்டும் வாடைக்குள் விழுகின்றன. அந்த இரண்டையும் கல்யாணம், ஊர்ப்பயணம் என்று கரைத்துவிடாதவர்களுக்கு வருஷத்துக்குப் பத்து நாளாவது தேறும். வரி, தணிக்கை அலுவலகங்களில் நிலைமை இன்னும் மோசம். மாதச் சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்கு ஜூலை 31, தணிக்கை அறிக்கைக்கு செப்டம்பர் 30 என்று கெடு தேதிகள் தென்மேற்குக் காலத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. ஜவுளிக்கடை நிர்வாகத்தில் தீபாவளி நெருக்கடி காற்றில்லாத மாதத்தில் வருவது நல்லதுதான். ஆடித் தள்ளுபடி அதைக் கெடுத்துவிடுகிறது. காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் போனால் காற்றோடே இருக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. காற்று அடிக்கும்போது எந்திரம் நின்றால் நட்டம் என்பதால், மே முதல் செப்டம்பர் வரைதான் அங்கே லீவு கிடைப்பது கடினம்.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டுக்கு வியக்கும்படி பொருந்தும் தொழில், கல்யாணத்தைச் சார்ந்த தொழில்தான். புகைப்படம், வீடியோ, மேடை அலங்காரம், சமையல் ஒப்பந்தம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இந்துத் திருமணங்கள் ஆடியிலும் மார்கழியிலும் நடப்பதில்லை. ஆடி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்றுதான் தென்மேற்கின் உச்சம். மார்கழியின் பெரும்பகுதி வாடையின் தொடக்கம். புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்ப்பதால் செப்டம்பர் கடைசியும் சேர்ந்துகொள்ளும். முகூர்த்தத் தேதிகள் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், தையிலும் ஆவணியிலும்கூட எந்த நாட்கள் நமக்கு மிச்சம் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்ளலாம். இதில் நடக்கும் தவறு இரண்டு. முதலாவது, கையில் பணம் தேவை என்று ஆடியில் வரும் கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்கள், காதுகுத்து, நிறுவன நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது. இரண்டாவது, வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் எடுத்த ஆல்பங்களை எடிட் செய்யாமல் தேக்கி வைப்பது. ஆனி முடியும்போது பத்து ஆல்பம் பாக்கி இருந்தால் ஆடி முழுக்கக் கணினி முன்னால்தான். "60 நாளில் ஆல்பம்" என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்குப் பதிலாக, ஆனியில் எடுப்பவற்றுக்கு மட்டும் 90 நாள் என்று எழுதிவிடுவது நல்லது.

இலங்கையில் வேலை பார்ப்பவர்களுக்கு வேறொரு வசதி உண்டு. மாதந்தோறும் போயா (பௌர்ணமி) விடுமுறை வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான போயாக்கள் எல்லாமே காற்றுக்காலத்தில் விழுகின்றன. போயா வெள்ளியோ திங்களோ ஆனால், கொழும்பிலிருந்து கற்பிட்டிக்கு மூன்று முழு நாள்.

நாளைப் பார்த்து மணியைப் பார்க்காமல் விடுவது

"வீட்டிலிருந்தே வேலை, ராமேஸ்வரத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொள்ளலாம்" என்பது இப்போது பலருடைய திட்டம். வாடிக்கையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். தென்மேற்குக் காலத்தில் நிலம் சூடாகச் சூடாகத்தான் காற்று ஏறும். கற்பிட்டிப் பக்கம் பெரும்பாலும் முற்பகல் 11 மணிக்கு மேல் எழும்பி, பிற்பகலில் உச்சம் தொட்டு, பொழுது சாயும்வரை நிற்கும். வாடையில் காலையிலேயே அடிக்கும் நாட்களும் உண்டு.

இப்போது நம் நேரப்படி கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, லண்டனின் 9 முதல் 5 மணி இங்கே பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30. ஜெர்மனி என்றால் 12.30 முதல் 8.30. இரண்டும் காற்றின் உச்ச நேரத்தை அப்படியே விழுங்கிவிடும். ஐரோப்பிய வாடிக்கையாளர் வேலையை ஒப்புக்கொண்டு கடற்கரையில் குடியேறுவது, அன்றாடம் ஜன்னல் வழியாக மற்றவர்களின் கைட்டைப் பார்ப்பதில் முடியும். நியூயார்க்கின் 9 முதல் 5 மணி இங்கே மாலை 6.30 முதல் அதிகாலை 2.30. பிற்பகல் காலிதான், ஆனால் தூக்கம் போகும். அதைக் கீழே சொல்கிறோம். சிங்கப்பூரின் 9 முதல் 6 மணி, காலை 6.30 முதல் பிற்பகல் 3.30. ஓரளவு சமாளிக்கலாம். சிட்னியின் 9 முதல் 5 மணி இங்கே அதிகாலை 4.30 முதல் பகல் 12.30. தென்மேற்குக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை நேரம் கிடையாது. இரவு எட்டரைக்குப் படுக்கப் பழகினால் போதும். சம்பளம் பத்து சதவீதம் குறைந்தாலும் இப்படிப்பட்ட வேலையை எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து.

இரண்டு மீட்டிங்குக்கு நடுவே இரண்டு மணி நேரம் இருக்கிறது, ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்று நினைப்பதும் தவறு. தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் இருக்க வேண்டுமானால் மூன்றரை மணி நேரமாவது வேண்டும். காற்றையும் திசையையும் கவனித்து எந்த அளவு கைட் என்று முடிவு செய்வது, பம்ப் அடிப்பது, மணல் மூட்டை வைப்பது, கைட்டோடு இணைக்கும் நான்கு லைன்களையும் (கயிறுகளையும்) விரிப்பது, எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்ப்பது என்று தொடக்கத்திலேயே அரைமணி போகும். திரும்பி வந்தபின் லைன் சுற்றி, மணல் தட்டி, ஹார்னஸையும் (இடுப்பில் கட்டும் பட்டை) பாரையும் (கைட்டைத் திருப்பக் கையில் பிடிக்கும் தண்டு) நல்ல தண்ணீரில் அலசுவதற்கு இன்னொரு அரைமணி. மீதி போக வர.

அவசரத்தில் முதலில் கெடுவது லைன்தான். பாரிலிருந்து கைட் வரை ஒவ்வொரு லைனையும் விரல்களுக்கு நடுவே பிரித்து நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். முன்லைன் இரண்டும் நடுவில், பின்லைன் இரண்டும் வெளியே. இந்த நடையை மிச்சம் பிடிக்கிறவர் ஒருநாள் பின்லைன்களை இடம் மாற்றிக் கட்டுவார். அப்படிக் கட்டிய கைட்டை ஏற்றியதும், இடது பக்கம் இழுத்தால் வலது பக்கம் பாயும். பதறிப்போய் இன்னும் இழுப்பார், கைட் சுழன்று கரையில் மோதும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரத்தில் பாரை விட்டுவிட்டு க்விக் ரிலீஸை (கைட்டின் இழுப்பை உடனே விடுவிக்கும் பூட்டு) தள்ளுவதுதான் செய்ய வேண்டியது. மீட்டிங் முடியட்டும் என்று பம்ப் அடித்த கைட்டை மதியம் முழுக்க மணலில் கிடத்தி வைப்பதும் கூடாது. வெயில் துணியை நைத்துவிடும். காற்றில் படபடக்கும் பின்விளிம்புத் தையல் அறுந்துவிடும்.

இரவுப்பணி முடித்துக் கடலில் இறங்குவது

அமெரிக்க நேர வேலையில் படுப்பதற்கு அதிகாலை மூன்றாகும். பதினொன்றுக்குக் காற்று எழும்பிவிட்டதே என்று ஒன்பதுக்கு எழுந்தால் ஆறு மணி நேரத் தூக்கம். ஒன்றிரண்டு நாள் தாங்கும். பத்து நாள் தொடர்ந்தால் கவனம் மழுங்கும். சேஃப்டி லீஷ் (நம்மையும் கைட்டையும் இணைக்கும் பாதுகாப்புக் கயிறு) மாட்டினோமா, மேகம் கருக்கிறதா, காற்றின் திசை மாறுகிறதா என்பதெல்லாம் கண்ணில் படாமல் போகும். இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் கடலுக்கு என்று வரம்பு வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் தூங்குவதுதான் சரி. மாலை நான்கரைக்கு மேல் தண்ணீரில் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரநாளில் காலி நேரம் கிடைக்கும் வேலைக்கு இன்னொரு ஆபத்து: கடற்கரையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கைட்டை ஏற்றவும் இறக்கவும் பழகிய ஒரு கை வேண்டும். தனுஷ்கோடி மணல்திட்டில் தென்மேற்கு அடிக்கும்போது, வடக்கே உள்ள பெண்கடல் (பாக் விரிகுடாப் பக்கம்) கண்ணாடிபோலத் தட்டையாக இருக்கும், ஆசை வரும். ஆனால் அங்கே காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கைட் விழுந்து எழவில்லை என்றால் ஆள் நேராக ஆழத்துக்கும் பன்னாட்டு எல்லைப் பக்கமும் தள்ளப்படுவார். மீட்புப் படகோ துணையோ இல்லாத நாளில் அந்தப் பக்கம் இறங்கவே கூடாது. ஆகவே நேரம் தரும் வேலையைத் தேடும்போதே, அதே நேரம் காலியாக இருக்கும் இன்னொருவரையும், இல்லையென்றால் அன்றாடம் இயங்கும் ஒரு பயிற்சிப் பள்ளியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர் ஆகிவிட்டால் நாள் முழுக்கக் கைட் என்று நம்புவது

நல்ல காற்று அடிக்கும்போதுதான் மாணவர்கள் பாடத்துக்கு வருவார்கள். பயிற்றுநர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மாணவரின் ஹார்னஸைப் பிடித்துக்கொண்டு, பலகையைத் தேடி எடுத்துக் கொடுத்து, கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருப்பார். சொந்தமாக ஓட்டுவது பாடம் முடிந்த கடைசி ஒரு மணி நேரம். அதுவும் உடம்பில் தெம்பு இருந்தால். சம்பளம் பெரும்பாலும் பாட மணிக்கணக்கில்தான், காற்றில்லாத மாதங்களில் வருமானமே இருக்காது. கற்றுக்கொடுப்பதில் உண்மையான விருப்பம் உள்ளவர்களுக்கு இது அருமையான தொழில். தானே ஓட்ட வேண்டும் என்பவருக்கு அல்ல. தமிழ்நாட்டிலிருந்து கற்பிட்டிக்கு சுற்றுலா அனுமதியில் போய்ப் பாடம் எடுப்பதும் கூடாது. அந்த அனுமதி சம்பள வேலைக்குச் செல்லாது.

வார இறுதியை நம்பிக் கணக்குப் போடுவது

சென்னையிலிருந்து வெள்ளி இரவு ரயில் ஏறி, ஞாயிறு இரவு திரும்பினால் மாதம் எட்டு நாள் என்று காகிதத்தில் வரும். ஆனால் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறந்து, காற்றுக்காலத்திலும் சீக்கிரம் நிரம்பிவிடும். காற்று முன்னறிவிப்பையோ மூன்று, நான்கு நாளுக்கு மேல் நம்ப முடியாது. ஆகவே புதன்கிழமை கணிப்பைப் பார்த்து வெள்ளிக்கிழமை லீவு சொல்லக்கூடிய வேலைதான் வேண்டும். மதுரையில் வேலை என்றால் கதையே வேறு: சாலையில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். சென்னையில் கூடுதலாகக் கிடைக்கும் சம்பளத்தைவிட மதுரையிலோ ராமநாதபுரத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கும் வேலை அதிகக் காற்று நாட்களைத் தரும்.

நேர்காணலில் "வேலைக்கும் வாழ்க்கைக்கும் சமநிலை உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: எந்த மாதங்களில் லீவுக்குத் தடை? இரண்டு நாள் முன்னால் சொன்னால் லீவு கிடைக்குமா, யார் ஒப்புதல் தர வேண்டும்? அரைநாள் லீவு உண்டா? வாரத்தில் எத்தனை நிலையான மீட்டிங், எத்தனை மணிக்கு? இரவில் அழைப்பு வந்தால் ஓட வேண்டிய முறை யாருக்கு, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்றால் இந்தியாவுக்கு வெளியிலிருந்தும் செய்யலாமா? பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். குழுத்தலைவர் மாறும்போது வாய்வார்த்தை காற்றோடு போய்விடும்.

கற்றுக்கொள்ளும் கட்டத்திலேயே வேலையை விடுகிறவர்களும் உண்டு. பலகையில் எழுந்து சிறிது தூரம் போவதற்கு ஏறத்தாழ 9 முதல் 12 மணி நேரப் பாடம் வேண்டும். அதை மாதம் ஒரு வார இறுதி என்று பிரித்தால் ஒவ்வொரு முறையும் பாதி மறந்துபோகும். தொடர்ந்து ஏழெட்டு நாள் லீவு ஒரே ஒருமுறை கிடைத்தால் போதும், இருக்கிற வேலையிலேயே அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடலாம். காற்றை எதிர்த்து மேலேறி, இறங்கிய இடத்துக்கே திரும்பி வரத் தெரிந்த பிறகு வேலை மாற்றத்தை யோசியுங்கள்.

அப்போதும் முதலில் சாமானைப் பாருங்கள். 75 கிலோ எடையுள்ளவர் 9 சதுர மீட்டர் கைட் ஒன்றை மட்டும் வைத்திருந்தால், காற்று 20 நாட் வேகத்துக்குக் கீழே அடிக்கும் நாட்கள் எல்லாம் வீண். 12 சதுர மீட்டர் கைட் ஒன்று சேர்த்தால் வாடைக்காலத்தின் பெரும்பாலான நாட்கள் கைக்கு வரும். ஃபாயில் பலகை (அடியில் மாஸ்ட் என்னும் தண்டும் அதன் முனையில் நீருக்குள் தூக்கிவிடும் இறக்கையும் உள்ள பலகை) பழகினால் 10, 12 நாட் காற்றிலும் ஓட்டலாம். காலையில் காற்று மெல்ல எழும்பும் நேரமும் பயன்படும். ஆழம் குறைந்த களப்பில் (காயலில்) நீளமான மாஸ்ட் தரையில் இடிக்கும் என்பதால், பழகும்போது 45 முதல் 60 சென்டிமீட்டர் மாஸ்ட்டில் தொடங்கி, இடுப்புக்கு மேல் ஆழம் உள்ள இடத்தில் மட்டும் இறங்குங்கள்.