கனடா வீட்டில் மரத்தரை: முழுப்பலகையா, அடுக்குப்பலகையா?

குமரி மாவட்டத்திலிருந்து கனடாவுக்கு வந்து முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களில் பலர், தரைக்கு ஒரே மரத்தில் அறுத்த சாலிட் என்னும் முழுப்பலகைதான் அசல் என்றும், எஞ்சினியர்ட் என்று விற்கப்படும் அடுக்குப்பலகை வெறும் ஒப்பேற்றல் என்றும் முன்பே முடிவுசெய்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். தேக்கிலும் அயனியிலும் கதவு, நிலை செய்யும் ஊர்க்காரர்களுக்கு, அதிலும் மரவேலைப்பாடு நிறைந்த பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இந்த எண்ணம் இயல்பானதே.

ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் மரம் ஆண்டின் பெரும்பகுதி ஈரக்காற்றிலேயே இருக்கிறது. ஆனி, ஆடியில் கதவு இறுகினால் ஆசாரி வந்து ஓரத்தைச் சீவிவிட்டுப் போவார். இங்கோ பனிக்காலத்தில் ஹீட்டிங் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, கோடையில் மறுபடி ஏறிவிடும். மரம் நீளவாக்கில் பெரிதாக அசையாது, அகலவாக்கில்தான் சுருங்கி விரியும் என்பதால், அகலமான முழுப்பலகைகளுக்கு நடுவே தை மாதத்தில் இடைவெளி தெரியத் தொடங்கும். அடுக்குப்பலகையில் மேலே இருப்பதும் அசல் மரமே (மரத்தின் படத்தை அச்சடித்த லாமினேட் வேறு). அதன் கீழே நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டிய பிளைவுட் இருப்பதால், ஓர் அடுக்கின் அசைவை மற்றது பிடித்து நிறுத்துகிறது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைத்தான். பேஸ்மென்ட் (நிலத்தடித் தளம்), கான்கிரீட் தளமுள்ள காண்டோ (அடுக்குமாடி வீடு), தரைக்கடியில் சூடேற்றும் வசதி ஆகியவற்றுக்கு அடுக்குப்பலகையே பொருந்தும். காண்டோவில் ஒலித்தடுப்பு விதிகளை நிர்வாகத்திடம் முன்பே கேட்டுக்கொள்ளவும். பிளைவுட் அடித்தளமுள்ள வீட்டில் நெடுங்காலம் இருக்கப்போகிறவர்கள், முக்கால் அங்குலக் கனமுள்ள முழுப்பலகையை ஆணியடித்துப் போட்டால், பல முறை இழைத்துப் புதுப்பிக்கலாம். அடுக்குப்பலகையிலோ மொத்தக் கனத்தைப் பார்த்து ஏமாறாமல், மேல்மரம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்: 3 அல்லது 4 என்றால் பின்னாளில் ஓரிரு முறை இழைக்கலாம், 2-க்கும் குறைவென்றால் அந்த நம்பிக்கை வேண்டாம்.

எதைப் போட்டாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். என் அம்மா இங்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, வாளியும் கையுமாகக் கூடத்தில் நின்றதைக் கண்டு ஓடிப்போய்த் தடுத்தேன். நன்றாகப் பிழிந்த துணியே போதும்.

பலகை வந்திறங்கிய அன்றே வேலையை முடித்துவிடுகிறோம் என்று ஆட்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடியிருக்கும்போது உள்ள அதே வெப்பத்தில் வீட்டை வைத்து, பலகை அந்தக் காற்றுக்குப் பழகிய பின், மரத்திலுள்ள ஈரத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரமானியால் பலகையையும் பிளைவுட் அடித்தளத்தையும் அளக்கச் சொல்லுங்கள்; மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள முழுப்பலகைக்கு இரண்டுக்குமான வேறுபாடு 4 சதவீதப் புள்ளிக்குள்ளும், மூன்று அங்குலமும் அதற்கு மேலும் உள்ள அகலத்துக்கு 2-க்குள்ளும் வந்த பிறகே ஆணியடிக்க விட வேண்டும்.