வேப்பங்கொட்டைக் கரைசல்: எங்கே தப்பு செய்கிறோம்?

“அடிச்சு ரெண்டு நாளாச்சு, புழு இன்னும் உசுரோடதான் இருக்கு.” வேப்பங்கொட்டைக் கரைசலைக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். ரசாயன மருந்துக்குப் பழகிய கண், விடிந்ததும் செத்த புழுவைத் தேடுகிறது. வேம்பில் உள்ள அசாடிராக்டின் வேலை செய்யும் விதமே வேறு. இலையைத் தின்ன விடாது. தின்ற இளம்புழுவை ஒழுங்காகத் தோலுரிக்க விடாது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியபோது, வேப்பமரங்கள் மட்டும் பச்சையாக நின்றதை ஷ்முட்டரர் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் கவனித்தார். ஆகவே செத்ததை எண்ணாமல், புதுத் தளிரில் ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள். விரல் பருமன் புழுவாகிவிட்ட பிறகு அடித்தால் பெரிதாகப் பலன் இருக்காது.

அடுத்த தப்பு கொட்டையிலேயே தொடங்குகிறது. ஆனி, ஆடியில் உதிரும் பழத்தைப் பொறுக்கிச் சதையைக் கழுவி, நிழலில்தான் உலர்த்த வேண்டும். சுடுகிற களத்தில் கொட்டி, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் பூசணம் பிடித்துவிடும். இடிக்கும் முன் நாலு கொட்டையை உடைத்துப் பாருங்கள். பருப்பு கறுத்திருந்தாலோ, பூசண வாடை அடித்தாலோ அந்தச் சாக்கு உரக்குழிக்குத்தான். போன வருஷக் கொட்டையும் வேண்டாம்.

அளவு எளிது: இடித்த பருப்பு 5 கிலோவை 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் பிழிந்து வடிகட்டி, 100 லிட்டராக்க வேண்டும். சீக்கிரம் ஆகட்டும் என்று கொதிக்க வைக்காதீர்கள். கடைசியில் 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். சோப்பு இல்லாமல் முட்டைக்கோஸில் அடித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழும்.

அப்புறம், உச்சி வெயிலில் அடிப்பது. அசாடிராக்டினை வெயிலே சிதைத்துவிடும், சாயங்காலம் அடியுங்கள். சாறு உறிஞ்சும் பூச்சிகளான அசுவினியும் வெள்ளை ஈயும் இலையின் அடியில் இருக்கும்போது மேலே மட்டும் நனைத்து என்ன பயன்? மீந்த கரைசலை அடுத்த வாரத்துக்கு வைக்காதீர்கள்.

புகையிலைக் கரைசலைப் பற்றி ஒன்று. இலைச்சாறுதானே என்று வெறுங்கையால் கலக்குகிறார்கள். அதிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலில் ஏறும் விஷம். தலைச்சுற்றல், வாந்தி வரும். கீரை, வெண்டை போல அடிக்கடி பறிக்கும் பயிருக்கு நான் அதை அடிக்கவே மாட்டேன்.